பெல்ஃபாஸ்ட் நடைச் சுற்றுலா: பாதித் தூரம் ஒரு தரப்பு, மீதித் தூரம் மறு தரப்பு

மோதல் தீர்வு படிக்கிறவர்களுக்குப் பாடத்தில் நல்லபடியாக முடிந்த கதைகள் குறைவு. இருக்கிற சிலவற்றில் முதலில் வருவது வட அயர்லாந்து. முப்பது ஆண்டு மோதல், 3,500க்கும் மேற்பட்ட உயிர்கள், அப்புறம் 1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற அமைதி ஒப்பந்தம். வகுப்பில் இதை ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். படித்ததை நேரில் பார்க்கலாம் என்று விடுமுறையில் அதன் தலைநகரான பெல்ஃபாஸ்ட் போனேன். அங்கே நான் போன மூன்று மணி நேர அரசியல் நடைச் சுற்றுலாவைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

நடத்துபவர்களின் பெயரை எழுதவில்லை. வழிகாட்டிகள் இருவரும் சிறையில் இருந்து வந்தவர்கள். அவர்கள் பேசியதை இங்கே எழுதிவிட்டு, ஆள் யார் என்று கண்டுபிடிக்கிற மாதிரி விடுவது சரியாகப் படவில்லை. அந்த ஊரில் இந்த வகைச் சுற்றுலாவைத் தேடினால் சுலபமாகக் கிடைக்கும். "இரு தரப்பு வழிகாட்டிகள்" என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தரப்பு மட்டும் நடத்துவதும் உண்டு, அது வேறு சரக்கு.

ஏற்பாடு இப்படி. முதல் பாதி ஃபால்ஸ் ரோடு. கூட்டிப்போகிறவர் ரிபப்ளிகன், அதாவது அயர்லாந்து ஒரே நாடாக வேண்டும் என்று ஆயுதம் எடுத்த தரப்பு. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். இரண்டாம் பாதி ஷாங்கில் ரோடு. அழைத்துப்போகிறவர் லாயலிஸ்ட், பிரிட்டனோடுதான் இருப்போம் என்று ஆயுதம் எடுத்த தரப்பு. அங்கே பெரும்பாலும் புராட்டஸ்டண்ட்கள். இரண்டு சாலைகளும் கிட்டத்தட்ட இணையாகவே போகின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்தே போய்விடலாம், இரு தரப்பையும் பிரிக்கிற "அமைதிச் சுவரும்" இரும்புக் கதவும் இடையில் இல்லாவிட்டால்.

தொடக்கம் டிவிஸ் டவரின் அடியில். இருபது மாடிக் குடியிருப்பு. மேல் மாடிகளையும் மொட்டை மாடியையும் பிரிட்டிஷ் ராணுவம் பல ஆண்டுகள் கண்காணிப்புக்கு வைத்திருந்தது. ஒரு கட்டத்தில் வீரர்கள் ஹெலிகாப்டரில்தான் ஏறி இறங்கினார்களாம், ஏனென்றால் கீழே தெருவில் நடந்து வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 2005 வரை அந்தக் கண்காணிப்புச் சாவடி அங்கே இருந்தது. கீழே குடும்பங்கள் குழந்தைகளோடு வாழ்ந்துகொண்டிருந்தன. 1969 ஆகஸ்ட் கலவரத்தில் இதே டிவிஸ் குடியிருப்பில்தான் போலீஸின் இயந்திரத் துப்பாக்கி சுட்டு ஒன்பது வயதுச் சிறுவன் இறந்தான். வழிகாட்டி இதைச் சொல்லும்போது குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரைப் போலத் தேதி, இடம், பெயர் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதல் பாதி முழுக்க அப்படித்தான். இவர் பேச்சில் சுவாரஸ்யம் குறைவு, தகவல் அதிகம். குறிப்பெடுக்கிற மாணவர்களுக்கு ஏற்ற ஆள்.

டிவிஸ் தெருவின் சர்வதேசச் சுவர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உலகத்தில் எங்கே போராட்டம் நடந்தாலும் இங்கே ஒரு ஓவியம் வந்துவிடும். பாபி சாண்ட்ஸ் ஓவியத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நிற்க வைத்தார். ரிபப்ளிகன் கைதி, 1981இல் சிறையில் 66 நாள் உண்ணாவிரதம் இருந்து இறந்தவர். இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, சிறைக்குள் இருந்தபடியே பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். துப்பாக்கியை மட்டும் நம்பியிருந்த இயக்கத்துக்குத் தேர்தலிலும் பலம் உண்டு என்று புரிந்தது அப்போதுதான் என்றார் வழிகாட்டி. ஆயுதக் குழு எப்படி அரசியல் கட்சியாக மாறுகிறது என்று நாங்கள் படித்த பாடத்தின் முதல் பக்கம் அந்தச் சுவரில் வரைந்திருந்தது.

அங்கிருந்து பாம்பே தெரு. 1969 ஆகஸ்டில் எரிக்கப்பட்ட தெரு, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. இன்றைக்கும் வீடுகளின் பின்பக்கம் அமைதிச் சுவரை ஒட்டியே இருக்கிறது. கொல்லைப்புறத்துக்கு மேல் கம்பிக் கூண்டு போட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கத்திலிருந்து கல்லோ பாட்டிலோ விழுந்தால் தடுக்க. கூண்டுக்குக் கீழே துணி காய்ந்துகொண்டிருந்தது. அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் சொன்ன "எதிர்மறை அமைதி", அதாவது வன்முறை நின்றிருக்கிறது, ஆனால் அதன் காரணங்கள் அப்படியே கிடக்கின்றன என்கிற நிலை, தேர்வில் மூன்று முறையாவது எழுதியிருப்பேன். அதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் இனிமேல் இந்தக் கொல்லைப்புறத்தைத்தான் சொல்வேன்.

இங்கே எனக்கு ஒரு குறை. பாம்பே தெருவுக்குப் பக்கத்திலேயே கிளோனார்ட் மடாலயம் இருக்கிறது. 1980களின் கடைசியில், ரிபப்ளிகன் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வோடு பேசுவதே பாவம் என்று இருந்த காலத்தில், அலெக் ரீட் என்ற பாதிரியார் இந்த மடாலயத்தை வைத்துத்தான் ஐ.ஆர்.ஏ. பக்கத்துக் கட்சியான சின் ஃபெயினின் தலைவர் ஜெரி ஆடம்ஸும், ஆயுதத்தை ஏற்காத தேசியவாதக் கட்சியின் தலைவர் ஜான் ஹியூமும் ரகசியமாகச் சந்திக்க வழி செய்தார். பத்து வருடம் கழித்து வந்த ஒப்பந்தத்துக்கு விதை போட்ட இடங்களில் அது ஒன்று. மோதல் தீர்வு மாணவருக்கு இதைவிட முக்கியமான கட்டடம் பெல்ஃபாஸ்ட்டில் இல்லை என்பேன். எங்கள் சுற்றுலாவில் அதற்குக் கிடைத்தது நடந்துகொண்டே சொன்ன இரண்டு வாக்கியம். துப்பாக்கிச் சூடு நடந்த ஒவ்வொரு மூலையிலும் நிற்கிறோம், பேச்சு நடந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். மறுநாள் நான் மட்டும் திரும்பிப் போய் உள்ளே உட்கார்ந்துவிட்டு வந்தேன். நீங்களும் போங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

கைமாற்றம் லானார்க் வே கதவில் நடந்தது. 2021 ஏப்ரலில் இளைஞர்கள் ஒரு பேருந்தைக் கடத்தி எரித்தார்களே, அதே இடம். இரண்டு பக்கமும் கல்லும் பெட்ரோல் குண்டும் பறந்தன. ஒப்பந்தம் முடிந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆன பிறகு, ஒப்பந்தத்துக்கு அப்புறம் பிறந்த பிள்ளைகள் செய்தது அது. பகலில் போனால் சாதாரணக் கதவு, வண்டிகள் போய்வருகின்றன. இரவில் மூடிவிடுகிறார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டாவது வழிகாட்டி காத்திருந்தார். இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். ஒருவருடைய முழங்கால் வலி பற்றி மற்றவர் விசாரித்தார். பெயர்ப் பட்டியல் இருந்த தாள் கை மாறியது. முன்னவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வந்த வழியே நடந்தார். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் குழுவில் ஒருவர் இருவரையும் சேர்த்துப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். இருவருமே வேண்டாம் என்றார்கள், அதுவும் ஒரே நேரத்தில். எங்களில் பலர் சிரித்தோம், அவர்களும்தான்.

ஷாங்கில் பக்கத்து ஆள் நேர் எதிர் குணம். நன்றாகக் கிண்டல் பேசுகிறார், வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் குரல் கொடுக்கிறார். ஃபால்ஸ் ரோட்டில் வரலாறு பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 டப்ளின் எழுச்சியில் தொடங்குகிறது. ஷாங்கிலிலும் 1916தான் பெரிய ஆண்டு, ஆனால் அது முதல் உலகப் போரின் சோம் போர்க்களம். ஜூலை 1 அன்று அல்ஸ்டர் படைப்பிரிவு பிரிட்டனுக்காகச் செத்து விழுந்த நாள். ஒரே ஆண்டு, இரண்டு தெருவிலும் சுவரில் இருக்கிறது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி. இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டையும் கேட்டால்தான் இது உறைக்கும்.

பிறகு ஃப்ரிஸெல் மீன்கடை இருந்த இடம். 1993 அக்டோபர் 23, சனிக்கிழமை மதியம், கடையில் கூட்டம். லாயலிஸ்ட் தலைவர்கள் மாடியில் கூடியிருப்பதாக நினைத்து ஐ.ஆர்.ஏ. கொண்டுவந்த குண்டு முன்கூட்டியே வெடித்தது. மேலே யாரும் இல்லை. அங்கே இருந்த ஒன்பது பேரும் குண்டு கொண்டுவந்தவர்களில் ஒருவரும் இறந்தார்கள். வழிகாட்டியின் கிண்டல் இங்கே நின்றது. அடுத்த வாரம் லாயலிஸ்ட்கள் கிரேஸ்டீல் என்ற ஊரில் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்து எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றதை அவரே சொன்னார், நாங்கள் கேட்காமலே. முதல் பாதியில் இந்த மீன்கடை வரவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதே மாதிரி, இரண்டாம் பாதியில் பாம்பே தெரு பற்றி நாங்கள் கேட்ட பிறகே இவர் பேசினார், அதுவும் சுருக்கமாக.

இந்தச் சுற்றுலாவின் மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. இருவரும் கதையை ஒட்டவைக்க முயற்சிப்பதில்லை. "நாங்கள் இப்போது நண்பர்கள், பாருங்கள்" என்று நாடகம் போடுவதில்லை. யார் தொடங்கியது, யார் மேல் தப்பு என்பதில் இன்றைக்கும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் கதவில் நேரத்துக்கு வந்து நின்று பட்டியலைக் கை மாற்றிக்கொள்கிறார்கள். புனித வெள்ளி ஒப்பந்தமும் அப்படித்தானே எழுதப்பட்டது? வரலாற்றில் யார் பக்கம் நியாயம் என்று அதில் எங்கும் தீர்ப்பு இல்லை. முதலமைச்சருக்கும் துணை முதலமைச்சருக்கும் சம அதிகாரம், இரண்டு தரப்பும் சேர்ந்துதான் ஆட்சி, பிறந்தவர் தன்னை அயர்லாந்துக்காரர் என்றோ பிரிட்டிஷ்காரர் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். இப்படிச் சேர்ந்து நடத்தும் ஆட்சி நின்றுபோனதும் உண்டு, 2017 முதல் மூன்று ஆண்டு, 2022 முதல் மறுபடி ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அப்போதும் துப்பாக்கிக்குத் திரும்பவில்லை. சமரசம் என்றால் ஒரே கதைக்கு வருவது என்று நினைத்துக்கொண்டு படிப்பில் சேர்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களை இங்கே ஒருமுறை நடக்க விட வேண்டும்.

சிக்கலான கேள்விக்கு வருகிறேன். ஆயுதம் எடுத்துச் சிறைக்குப் போன ஒருவருக்குக் காசு கொடுத்துக் கதை கேட்பது சரியா? ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டுக்குள் 400க்கும் மேற்பட்ட கைதிகளை விட்டுவிட்டார்கள். வகுப்பில் இதை "நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கை" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டோம். அந்த வரிக்குள் இருக்கிற ஒருவர் உங்களுக்கு ஐந்தடி தள்ளி நின்று பேசும்போது அது ஒரு வரியாக இருப்பதில்லை. குழுவில் ஓர் அம்மா முதல் வழிகாட்டியிடம் நேராகவே கேட்டுவிட்டார்: நீங்கள் காயப்படுத்தியவர்களின் குடும்பம் நீங்கள் இந்த வேலை செய்வதைப் பற்றி என்ன நினைக்கிறது? அவர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "அவர்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நான் இதைச் செய்ய அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் தர மாட்டார்கள் என்று தெரியும்" என்றார். பதில் நேர்மையானது, திருப்தியானது என்று சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் இது முழுசாகத் தீரவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் தரப்பிலிருந்து ஒருவராவது இந்த மூன்று மணி நேரத்தில் பேசியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதையொட்டி இன்னொரு பெரிய ஓட்டை: பெண்கள். சுவர்களில் ஒன்றிரண்டு முகம், அதோடு சரி. 1996இல் மோனிகா மக்வில்லியம்ஸும் பெர்ல் சேகரும் தொடங்கிய வட அயர்லாந்து மகளிர் கூட்டணி, கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்ட்டும் சேர்ந்த ஒரு கட்சி, தேர்தல் நடப்பதற்குச் சில வாரங்கள் முன்பு உருவானது. இரண்டு இடம் பிடித்துப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தது. பாதிக்கப்பட்டவர்களின் உரிமை, இரு மதப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள் போன்றவை ஒப்பந்தத்தில் இடம்பெற அவர்கள் மல்லுக்கட்டினார்கள். அமைதி ஆய்வாளர் ஜான் பால் லெடராக் வரைந்த மூன்று அடுக்குப் பிரமிடில் நடு அடுக்கு என்று படிப்போமே, மேலிடத்தையும் தெருவையும் இணைக்கிறவர்கள், அவர்கள் யாரும் இந்தச் சுற்றுலாவில் இல்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள்தான் அமைதியைக் கொண்டுவந்தார்கள் என்ற எண்ணத்தோடு ஒரு பயணி ஊர் திரும்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. பள்ளிகளைப் பற்றி இருவரிடமும் கேட்டேன். முதல் ஒருங்கிணைந்த பள்ளியான லகான் கல்லூரி 1981இல் 28 பிள்ளைகளோடு தொடங்கியது, இன்றைக்கும் பத்தில் ஒரு பிள்ளைகூட அந்த மாதிரிப் பள்ளியில் படிப்பதில்லை, ஏன் என்று. இருவரும் பிடிகொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமை.

சேவையாகப் பார்த்தால் வேறு சில குறைகள். கடைசியில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேள்வி கேட்க அரை மணி நேரம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் சண்டை வரும் என்று பயமோ என்னவோ. குழு இருபது பேருக்கு மேல் இருந்தது, சாலையில் பேருந்து போகும்போது பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. பெல்ஃபாஸ்ட் ஆங்கிலம் வேறு. திரைப்படத்தில் சப்டைட்டிலோடு பார்த்துப் பழகியவர்கள் முதல் இருபது நிமிடம் திணறுவது நிச்சயம். வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நடங்கள். மழைக்கு ஒதுங்குவது என்ற பேச்சே இல்லை, நனைந்துகொண்டே கேட்க வேண்டியதுதான்.

கறுப்பு டாக்ஸிச் சுற்றுலாவோடு ஒப்பிட்டால்? அதிலும் போனேன். வேகம், வசதி, மழை பிரச்சினை இல்லை. வாடகை பெரும்பாலும் வண்டிக்குத்தான் என்பதால் நான்கைந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். ஆனால் ஓட்டுநர் ஒருவரே இரண்டு பக்கக் கதையையும் சொல்கிறார், அதனால் எல்லாம் நடுவாக, வழவழவென்று வருகிறது. கூப்பார் வே சுவருக்குக் கூட்டிப்போய்க் கையில் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்து "எழுதுங்கள்" என்கிறார்கள். சில இடங்களில் 40 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிற சுவர், 2023க்குள் எல்லா அமைதிச் சுவர்களையும் எடுத்துவிடுவோம் என்று அரசு 2013இல் சொல்லி, எடுக்க முடியாமல் போனது. அதன் அடியில் வாழ்பவர்களில் பலர் இன்னும் அது இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார்கள். அதில் போய் "அன்பே வெல்லும்" என்று எழுதிவிட்டு வண்டியேற எனக்கு மனம் வரவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

க்ரம்லின் ரோடு சிறை பார்க்கலாம், நீதிமன்றத்துக்குப் போகும் சுரங்கப்பாதை நன்றாக இருக்கிறது. சிறையின் ஒரு பகுதியில் இப்போது விஸ்கி வடிக்கிறார்கள். ஒரு நாள் மிச்சம் இருந்தால் அதைவிட டெர்ரிக்கு ரயில் பிடியுங்கள், இரண்டு மணி நேரம்தான். 1972 ஜனவரி 30 அன்று ஊர்வலத்தில் போனவர்களை ராணுவம் சுட்ட இடத்திலேயே ஃப்ரீ டெர்ரி அருங்காட்சியகம் இருக்கிறது. இறந்தவர்களின் உறவினர்களும் அங்கே வேலை செய்கிறார்கள். 1998இல் அமைத்த விசாரணை 2010இல்தான் முடிந்தது, அப்புறம்தான் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். பெல்ஃபாஸ்ட் நடையில் விட்டுப்போன பாதிக்கப்பட்டவர் குரல் அங்கே கிடைக்கும், ஒரு பக்கத்துக் குரல்தான் என்றாலும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மாணவர்கள் போவதற்கு முன் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுப் போங்கள். அது சிறிய ஆவணம். 1998 வாக்கெடுப்புக்கு முன் வட அயர்லாந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அஞ்சலில் அனுப்பினார்கள், 71 சதவீதம் பேர் சரி என்றார்கள். வாசிக்காமல் போனால் கேள்வி கேட்கத் தெரியாது, ஓவியங்களைப் படம் எடுத்துவிட்டு வருவீர்கள். வீடுகளையும் மனிதர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், யாரைக் கொன்றீர்கள் என்று வழிகாட்டியிடம் கேட்காதீர்கள். புராட்டஸ்டண்ட்கள் நடத்தும் ஜூலை 12 ஊர்வலங்களை ஒட்டிப் போவதானால் சுற்றுலா நடக்குமா, எந்தச் சாலை மூடியிருக்கும் என்று முன்பே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். கதவு மூடும் நேரத்தையும் கேட்டுவிடுங்கள், தாமதமானால் சுற்றிக்கொண்டுதான் அறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.